எச்சில் வடித்த லென்ஸ்கள்

வெளிநாட்டுப் பயணத்துக்கு டிக்கெட் எடுத்த மறுநாள் காலையிலிருந்து விபத்து மதிப்பீட்டாளரின் கேமரா லென்ஸ்கள் எச்சில் வடிக்க ஆரம்பித்தன. முதலில் வடித்தது, தூரத்தில் உள்ளதைக் கிட்டத்தில் காட்டும் டெலி லென்ஸ். அலமாரியைத் திறந்தபோது அதன் கண்ணாடி விளிம்பிலிருந்து எச்சில் நூலாக இறங்கிப் பலகையில் சின்னக் குட்டையாகத் தேங்கியிருந்தது. காற்றில் ஈரம் அதிகம் என்று நினைத்து, ஈரம் உறிஞ்சும் மணிப் பொட்டலங்களை அவர் கைநிறைய அள்ளிப் போட்டார். மாலைக்குள் பொட்டலங்கள் ஊறிப் பருத்து, அவையும் நாறின. பெரிய நாற்றமில்லை, தூங்கி எழுந்து பல் தேய்க்காத வாயின் வாடைதான். ஆனால் படுக்கையறையில் அது எந்நேரமும் இருந்தது. வார இறுதிக்குள் வைடு லென்ஸும், சின்னதைப் பெரிதாக்கும் மேக்ரோவும் சேர்ந்துகொண்டன. முகங்களை எடுக்கும் போர்ட்ரெய்ட் லென்ஸ் மட்டும், விலை அதிகம் என்பதாலோ என்னவோ, கொஞ்ச நாள் நாசூக்காக இருந்தது.

அவருடைய மனைவி ஒரு பரிசோதனைக்கூடத்தில் சளி, எச்சில் மாதிரிகளைச் சோதிக்கிறவள். ஊரார் துப்பிக் கொடுத்த டப்பாக்களை நாள் முழுக்கத் திறந்து மூடிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு மதியச் சாப்பாட்டை ஒரு பருக்கை விடாமல் சாப்பிடும் திடம் அவளுக்கு உண்டு. அப்படிப்பட்டவளுக்கு இந்த எச்சிலைப் பார்த்ததும் குமட்டியது. ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. ஒரு சொட்டை எடுத்துப்போய் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்: "மனுஷ எச்சில்தான். நோய் கீய் ஒண்ணும் இல்ல. யாரோ நல்ல பசியில இருக்காங்க, அவ்வளவுதான்."

பயணம் அவளுடைய தங்கைக்காக. தங்கை வெளிநாட்டில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் நின்று, வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற வேலையில் இருந்தவள். தாடையில் கட்டி வந்து, ஆபரேஷனில் ஒரு பக்கத் தாடையெலும்பை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் முகம் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. ஹோட்டலில் அவளைப் பின்னறைக்கு மாற்றிவிட்டார்கள். தனியாக இருந்தாள். "அக்கா, நீ ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா வந்து கூட இரு, போதும்" என்று போனில் கேட்டாள். கொஞ்சம் தயங்கி, "அத்தான் வந்தா படம் எதுவும் எடுக்க வேணாம்னு சொல்லிடு" என்றும் கேட்டுக்கொண்டாள். அக்கா அதைச் சொன்னாள். மதிப்பீட்டாளர் தலையை ஆட்டிவிட்டு, எந்த லென்ஸ்களை எடுத்துப் போவது என்ற யோசனையில் இறங்கினார்.

அந்த யோசனை ஆறு வாரம் நீடித்தது. சாயங்காலமானால் கட்டிலில் பழைய துணியை விரித்து லென்ஸ்களை வரிசையாகப் படுக்க வைப்பார். மலைக்கு வைடு வேண்டும். தெருவுக்கு டெலி வேண்டும். பனித்துளிக்கு மேக்ரோ இல்லாமல் எப்படி? துடைப்பார், எடை போடுவார், பையில் வைப்பார், எடுப்பார். அவை வடித்துக்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ருசி. வைடு லென்ஸ் பயணக் கையேட்டின் மலைப் படங்களைக் கண்டால் வடித்தது, அதையாவது மன்னிக்கலாம். டெலி லென்ஸுக்கு எதிர்க் கட்டடத்து பால்கனியில் தலை துவட்டும் பெண்ணைக் காட்டினால் போதும், மூடியை மீறிக்கொண்டு வழிந்தது. காய் நறுக்கும்போது மனைவி விரலை வெட்டிக்கொண்ட அன்று மேக்ரோ ஒரு பலகையையே நனைத்துவிட்டது. இதில் அவள் பெரிதாக அதிசயப்படவில்லை. நசுங்கிய கார்களைப் படமெடுத்து நஷ்டத்தைக் கணக்கிடுவது அவர் உத்தியோகம். இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தேவையான படங்களை எடுத்து முடித்த பிறகும் அவர் காருக்குள் தலையை விட்டு வெகுநேரம் எடுத்துக்கொண்டிருப்பார். பின்சீட்டில் கிடந்த ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்புப் படத்துக்குப் பரிசு கிடைத்து, அது சட்டம் போட்டு ஹாலில் தொங்கியது. அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் ஹாலைக் கடக்க அவள் கற்றுக்கொண்டு வருஷங்களாகிவிட்டன.

போர்ட்ரெய்ட் லென்ஸ் தன் நாசூக்கைக் கைவிட்டது ஒரு வீடியோ அழைப்பின்போது. தங்கை ஒரு துப்பட்டாவால் பாதி முகத்தை மூடிக்கொண்டுதான் பேசுவாள். அன்று பேச்சின் நடுவில் அது நழுவிவிட்டது. அவள் அதை இழுத்து மூடுவதற்குள் அலமாரிக்குள் கொடகொடவென்று சத்தம் கேட்டது. திறந்து பார்த்தால், மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை வழிந்து, மடித்து வைத்திருந்த துணிகளெல்லாம் சொதசொதவென்று கிடந்தன. மனைவி போனை அணைத்துவிட்டு, பயணப் பையைத் திறந்து பார்த்தாள். தங்கைக்கு மென்று சாப்பிட முடியாது. கூழாக அரைத்துத்தான் கொடுக்க வேண்டும். அதற்காக வாங்கிய மிக்ஸி ஜாடியைக் காணவில்லை. அந்த இடத்தில் டெலி லென்ஸின் உறை இருந்தது.

"என் தங்கச்சி முகத்த எடுக்கப் போறீங்களா?" என்று கேட்டாள்.

"ரகசியமாவா எடுக்கப் போறேன்? பேசிப் பாத்து, சம்மதிச்சாத்தான். நோயும் வாழ்க்கைதானே. யாராவது பதிவு பண்ணணும்ல. ஜன்னல் வெளிச்சத்துல, கறுப்பு வெள்ளையில..."

"பேசும்போதே உங்க குரல் மாறுது பாருங்க."

"கலைன்னா உனக்கு என்ன தெரியும்?"

அவள் ஈரத் துணிகளைக் கையில் தொட மனசில்லாமல், ஒரு குச்சியால் எடுத்து வாளியில் போட்டு, வாளியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து ஹால் சோபாவில் படுத்தாள்.

விமான நிலையத்தில் சோதனை மேசைக்கு வந்தபோது பையின் அடிப்பக்கம் சொட்டிக்கொண்டிருந்தது. கையுறை போட்ட அதிகாரி அம்மாள் நான்கு லென்ஸ்களையும் எடுத்துத் தட்டில் வைத்தார். எதிர் வரிசையில் ஒரு கிழவர் செயற்கைக் காலைக் கழற்றிச் சோதனைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். தட்டு ததும்பியது.

"இது என்ன திரவம்?"

"எச்சில்" என்றாள் மனைவி.

"யாருடையது?"

மனைவி மதிப்பீட்டாளரைப் பார்த்தாள்; அவர் லென்ஸ்களைப் பார்த்தார். அதிகாரி அம்மாள் தன் உத்தியோகத்தில் எத்தனையோ பார்த்தவர். மூச்சை அடக்கிக்கொண்டு, நூறு மில்லிக்கு மேல் திரவம் கொண்டுபோக அனுமதி இல்லை என்ற விதியை மட்டும் சொன்னார். பின்னால் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு முணுமுணுத்தார்கள். மனைவி தன் செருப்பை மாட்டிக்கொண்டு, "நான் போறேன். வர்றதுன்னா வாங்க, இல்லன்னா இதுங்களோட இருங்க" என்று நடந்துவிட்டாள். மதிப்பீட்டாளர் அங்கேயே நின்றார். லென்ஸ்கள் ஒவ்வொன்றாகக் குப்பைத் தொட்டிக்குள் விழும் சத்தத்தைக் கேட்டார். கடைசி அழைப்பு வந்தபோது, லென்ஸ் இல்லாத வெறும் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடினார். மனைவி மேல் இருந்த பாசத்தால் ஓடினார் என்று அவருடைய உறவினர்கள் பிற்பாடு சொன்னார்கள். அப்படி இல்லை. போய் இறங்கியதும் வாடகைக்கு ஒரு நல்ல லென்ஸ் எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்.

விமானம் மேலே ஏறிக் காது அடைத்த சற்று நேரத்தில் அவர் வாயோரம் வழியத் தொடங்கியது. கைக்குட்டை நனைந்தது, சட்டைக் காலர் நனைந்தது. பணிப்பெண் காகிதக் கைக்குட்டைகளை அடுக்கடுக்காகக் கொண்டுவந்து கொடுத்து, பிறகு கொடுப்பதையும் தூரத்தில் நின்று கொடுத்தாள். மனைவி வேறு இருக்கை கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

தங்கையின் வீடு மூன்றாம் மாடியில் இரண்டு சின்ன அறைகள். ஒருவர் நின்றால் இன்னொருவர் நுழைய முடியாத சமையலறை. மனைவி தன் பெட்டியில் திரும்ப வைத்துக் கொண்டுவந்த மிக்ஸி ஜாடி இறங்கிய அன்றே உபயோகத்துக்கு வந்தது. தங்கை வீட்டுக்குள்ளும் துப்பட்டாவை எடுக்கவில்லை. மதிப்பீட்டாளர் ஜலதோஷம் என்று சொல்லி வாயில் துண்டை வைத்துக்கொண்டே இருந்தார். ஒருவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் இன்னொருவர் சாப்பிட வந்தார். இப்படிச் சில நாள் போயின.

ஒரு நாள் அவர் கடைவீதியில் லென்ஸ் வாடகைக்கு விடும் கடையைக் கண்டுபிடித்துப் போனார். கண்ணாடி மேசைக்கு அடியில் லென்ஸ்கள் வரிசையாக இருந்தன. வேண்டியதைக் கேட்க வாயைத் திறந்தவுடன் மேசை நனைந்துவிட்டது. கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைத்தார். இரண்டாவது தடவையும் நனைந்தபோது வாசலைக் காட்டினார். வெளியே வந்து நடைபாதையில் நின்று, இனிப் பிழிந்தும் பயனில்லாத துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் நின்ற ஒரு சுற்றுலாப் பயணி அவரைப் பார்த்தார், கேமராவை உயர்த்தினார், எடுத்தார். பிறகு பையைத் திறந்து, இருந்த லென்ஸ்களை நிதானமாகப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாட்டிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தார். மதிப்பீட்டாளர் முகத்தைக் கையால் மூடினார். கை வழுக்கியது.

வீட்டுக்குத் திரும்பியபோது அக்காவும் தங்கையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அறைக்குள் போகாமல் தங்கைக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். தாடையிலிருந்து சொட்டியது.

தங்கை கரண்டியைக் கீழே வைத்தாள். "அத்தான், உங்களுக்குமா?" என்றாள். பிறகு தன் துப்பட்டாவை அவிழ்த்தாள். சரிந்த பக்கத்து உதட்டோரம் மூட முடியாமல் திறந்திருந்தது. அங்கிருந்து அவளுக்கும் வழிந்துகொண்டிருந்தது. அக்காவிடம்கூட அவள் அதைச் சொல்லியிருக்கவில்லை.

"எனக்கு ஆபரேஷன் எதுவும் ஆகல" என்றார் அவர்.

"அப்புறம் எப்படி?"

"உன் முகத்த படம் எடுக்கணும்னு ஆசைப்பட்டேன். வேணாம்னு நீ சொன்னப்புறமும் ஆசைப்பட்டேன்."

"இப்பவும் ஆசையா?" என்று தங்கை கேட்டாள். அவர் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் அவர் முன்னால் இருந்த காலித் தட்டு நிறைந்துவிட்டது. தங்கை தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் முகத்தில் எறிந்தாள். "தொடைங்க. அசிங்கமா இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு, தன் மோவாயிலிருந்து சொட்டியதைப் புறங்கையால் வழித்துக்கொண்டு, ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக, ஒரு பக்க வாயால் விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்த் தொட்டியில் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்து, முகம் கழுவித் திரும்பிவந்து, மீதியைச் சாப்பிட்டாள்.

அந்த மாதம் அப்படியே கழிந்தது. ஊர் திரும்பிய பிறகு பல டாக்டர்கள் பார்த்து, ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். கம்பெனியில் அவரை வெளியே அனுப்புவதை நிறுத்தி, யாரும் வராத ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள். கேமராவை யாரோ கேட்டார்கள், கொடுத்துவிட்டார். ஹாலில் செருப்புப் படம் தொங்கிய இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. தங்கை துப்பட்டா இல்லாமலே ஹோட்டல் வரவேற்பு மேசைக்குத் திரும்பிப் போனாள். ஹோட்டல்காரர்கள் விரட்டவில்லை, முகம் சுளித்த ஒன்றிரண்டு விருந்தினர்கள் வேறு ஹோட்டல் பார்த்துக்கொண்டார்கள். ஞாயிறுதோறும் அவளும் அத்தானும் போனில் பேசினார்கள். எந்தக் கடைத் துண்டு சீக்கிரம் காய்கிறது, மழைநாளில் என்ன செய்வது என்பதே பெரும்பாலும் பேச்சு.

மனைவிக்கு அருவருப்பு போகவில்லை. போகும் என்று அவள் சொன்னதும் இல்லை. அவர் துண்டுகளைத் தனி வாளியில் கொதிக்கும் நீரில் போட்டாள். சோபாவிலேயே தூங்கினாள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அவருக்கு எதிரே உட்காருவதை விட்டுவிட்டு, நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்; பக்கத்தில் இருந்தால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இருவரும் சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். சொட்டும் சத்தம் கேட்டால், தலையைத் திருப்பாமல் இடது கையால் துண்டை எடுத்து நீட்டுவாள். அவர் வாங்கிக்கொள்வார்.