ஆளில்லாத ஐந்து வீடுகள்

லாரி வந்து நின்றதும் அஞ்சாங்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேலே மூட்டை முடிச்சுகளுக்கும் நாலைந்து குடும்பங்களுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது அவளுடைய தங்கை புசு. இடுப்பில் கைக்குழந்தை.

"ஏக்கா, என்ன அப்படி முழிக்கிறே? எங்க ஆத்தையும் அணைக்கட்டு முழுங்கிருச்சு. இனி உன் பக்கத்து வீடுதான், என் வாய்க்கு நீ தப்ப முடியாது!"

காரில் வந்த அதிகாரி ஹலிம் பெருமையாகச் சிரித்தார். பன்னிரண்டு வீட்டுக் குடியிருப்பில் ஐந்து வீடு சும்மா கிடப்பதைப் போன மாதம் பார்த்துவிட்டுப் போனவர் அவர்தான்.

சும்மாவா கிடந்தன? இந்த ஜனத்தை இங்கே கொண்டுவந்து கொட்டிய எட்டு மாதத்தில் ஐந்து வீட்டில் சாவு. அடிபம்பில் வந்ததெல்லாம் சிவப்புத் தண்ணீர். அதைக் குடித்துக் குடித்து வயிற்றோட்டம். சாவு விழுந்த வீட்டில் டெமியார் பழங்குடி ஜனம் குடியிருக்காது. காட்டில் என்றால் குடிசையை அப்படியே விட்டுவிட்டு ஆற்றைத் தாண்டி வேறு கட்டிக்கொள்வார்கள். இங்கே சுற்றிலும் அடுத்தவன் செம்பனைத் தோட்டம், எங்கே போவது? கதவைச் சாத்திவிட்டு அக்கம்பக்கத்து வீடுகளில் ஒண்டிக்கொண்டார்கள். ஏழு வீட்டில் அறுபது பேர். அஞ்சாங் இதை அதிகாரியிடம் சொல்லாமலும் இல்லை. "பேய்க்கெல்லாம் அரசாங்கம் வீடு கட்டித் தராதும்மா" என்று தமாஷ் பண்ணிவிட்டுப் போனார் மனுஷர். அந்த வீடுகளுக்கு இப்படி ஆள் பிடித்து வருவார் என்று யார் கண்டது?

புசு குதித்து இறங்கிவிட்டாள். "நீலக் கதவு வீடு எனக்கு! மெலுர் எங்கேக்கா? தம்பியைத் தூக்கிக்க வரச் சொல்லு."

செத்தவர் பெயரை வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொன்னால், சொன்னவரைத் தேடி வந்துவிடுவார்கள். மூன்று மாதமாகத் தன் மகளின் பெயரை அஞ்சாங் முணுமுணுக்கக்கூட இல்லை.

"அங்க வேணாம் புசு."

"ஏன், வாடகை கேப்பியா?"

புசு வாசற்படி ஏறிக் குழந்தையை உள்ளே இறக்கிவிட்டாள். அது தவழ்ந்து மூலைக்குப் போனது. சரியாக அந்த மூலைக்கே போனது.

"மெலுர்!" என்று அலறினாள் அஞ்சாங். "மெலுர் அங்கதான்டி செத்தா! அந்த மூலையிலதான்!"

புசு பாய்ந்து குழந்தையை வாரிக்கொண்டு வெளியே ஓடினாள். அஞ்சாங் அதோடு விடவில்லை. ஒரு பெயர் சொன்னால் என்ன, ஐந்து சொன்னால் என்ன? ஒவ்வொரு கதவாகப் போய் விரலை நீட்டினாள். "இங்க பாண்டாக். இங்க ஆலுஸ், வயித்துல பிள்ளையோட. இங்க ஊடா. இங்க அவன் அண்ணன் ஈத்தாம்." இறங்கியவர்கள் எல்லோரும் மறுபேச்சில்லாமல் லாரியில் ஏறிக்கொண்டார்கள்.

"எங்க போவீங்க? உங்க ஊரே தண்ணிக்குள்ள!" ஹலிம் கத்தினார்.

"ரோட்டோரத்துல கிடக்குறோம்" என்றாள் புசு. அழுதுகொண்டே கையை நீட்டினாள். "அக்கா, நீயும் ஏறு."

அஞ்சாங்கின் கை தன்னால் நீண்டது. குழந்தையைப் பார்த்ததும் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நான் வரல. பேரைச் சொல்லிட்டேன்ல? அவ என்னைத் தேடி வருவா. பச்சைப் பிள்ளை இருக்கிற எடத்துக்கு நான் எப்படிடி வர்றது?"

லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அஞ்சாங் நீலக் கதவு வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தாள். கதவை அவள் சாத்தவில்லை.