இருபதடிக் கிசுகிசு

இதில் வருகிற ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். வாய்ச் சத்தியம் இல்லை. கடல் தண்ணீரைக் கையில் அள்ளி வைத்துக்கொண்டு செய்கிற சத்தியம். காதால் கேட்டவர் சொன்னதை அப்படியே எழுதியிருப்பதால் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சந்தேகப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து போய் வேறு வேலை இருந்தால் பார்க்கலாம்.

காரைக்கால்மேட்டுக்குக் கொஞ்சம் வடக்கே, வரைபடம் போட வந்தவன் வெயில் தாங்காமல் திரும்பிப் போன இடத்தில், ஒரு மீனவர் குடியிருப்பு இருந்தது. அதில் ஓலைக்கொட்டகையில் ஓர் ஆரம்பப் பள்ளி. அதற்கு ஒரே வாத்தியார், கோவிந்தராசு. நெல் விளைகிற ஊர்ப் பக்கம் பிறந்தவர். பிள்ளைகளுக்கு அவர்மேல் உயிர். அவருக்கு ஒரே ஒரு குறைதான் உண்டு: காது கேட்காது. மந்தம் என்று நினைக்க வேண்டாம். சுத்தமாகவே கேட்காது.

பிறவியிலேயே அப்படி இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்தில் அவர்களுடைய தேசிய நாளான ஜூலை பதினாலு விழாவுக்கு அதிர்வேட்டு போட்டார்கள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திவிட்டு, ஒழுங்கு கெடாமல் பார்த்துக்கொள்ள வாத்தியார் வேட்டுக் குழாய் பக்கமாகவே நின்றார். முதல் வேட்டில் வலது காது போனது. இரண்டாவது வேட்டுக்கு, "என்னய்யா வேட்டு இது, சத்தமே இல்லையே" என்று இடது காதைத் திருப்பிக் காட்டினார். அதுவும் போனது.

இது மேலிடத்துக்குத் தெரியாமல் அவர் வருஷக்கணக்கில் காலம் தள்ளினார். பிரெஞ்சு இன்ஸ்பெக்டர் வந்த காலத்தில் சிரமமே இல்லை. அவர் பேசுவது காது கேட்கிறவனுக்கும் விளங்காது, எல்லாரும் "உய் முசியே", அதாவது ஆமாம் ஐயா, என்றுதான் சொன்னார்கள். அரசாங்கம் மாறித் தமிழ் பேசுகிற அதிகாரிகள் வந்ததும் வாத்தியார் இரண்டு பதில்களைத் தயார் செய்துகொண்டார். ஒன்று, "ஆகட்டும்ங்க." மற்றொன்று, "பார்த்துச் செய்யலாம்ங்க." இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வார். அரசாங்க அதிகாரி கேட்கிற எந்தக் கேள்விக்கும் இந்த இரண்டில் ஒன்று பொருந்திவிடும். நிதானமான மனிதர் என்று அவருக்குப் பெயர்கூடக் கிடைத்தது.

வீட்டிலும் தொல்லை இல்லை. அவர் மனைவி ஞானசௌந்தரி, மனசில் இருப்பதையெல்லாம் அவர் முதுகைப் பார்த்துச் சொல்லிவிடுவார். அதனால் அந்த வீட்டில் சண்டையே வந்ததில்லை.

பாடம் எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். கையால் நடந்தது. கரைவலை போடுகிற ஊரில் பிள்ளை பேசக் கற்பதற்கு முன்னே கையை ஆட்டக் கற்றுக்கொள்ளும். அலை இரைச்சலில் கத்தி என்ன பிரயோசனம்? கரையில் நிற்பவர் துண்டை வீசி, மீன் கூட்டம் இந்தப் பக்கம், இவ்வளவு பெரிசு என்று காட்டுவார். படகில் இருப்பவர் துண்டாலேயே பதில் சொல்வார். வாத்தியார் காது போன மறுவாரமே பிள்ளைகள் அதே பேச்சை வகுப்புக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். வாய்ப்பாடு முழுக்க விரலில் ஓடும். வெளியே போகிறவர்கள், "பாவம், ஊமைப் பள்ளிக்கூடம்" என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

இப்படி இருக்கையில் ஐம்பத்தேழாம் வருஷம் காது சோதனை வந்தது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளின் காதையெல்லாம் ஒரே முறையில் சோதிக்க உத்தரவு. கூடவே வாத்தியார் காதையும். பிள்ளைக்குக் காது சரியில்லை என்றால் மருந்து. வாத்தியாருக்குச் சரியில்லை என்றால் வீடு.

வீடு என்றால் மச்சான் வீடு. மச்சானுக்கு வாத்து மேய்க்க ஆள் இல்லை. சோதனை வரப்போகிற செய்தி கேட்டதும், இன்னும் கொஞ்சம் வாத்து வாங்கிவிட்டதாக அவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

வாத்தியாருக்கு அன்று சோறு இறங்கவில்லை. விஷயத்தைப் பிள்ளைகளிடம் கையால் சொன்னார். நாலாம் வகுப்பு குஞ்சம்மா எழுந்து நின்றாள். ஊரில் மீன் ஏலம் விடுகிற காசியம்மாவின் மகள். அம்மாவின் குரல் அவள் கையில் இருந்தது. அவள் சொன்னாள், அதாவது காட்டினாள்: "சார், நீங்க போனா இங்க வேற வாத்தியார் வருவாரா? முன்ன வந்தவர் கருவாட்டு வாடைக்கு மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஓடினவர்தான். டாக்டர் என்ன சொன்னாலும் கிட்ட நிக்கிறவங்க கையால சொல்றோம். நீங்க எங்களைப் பார்த்துச் சொல்லிடுங்க. முதல்ல எங்க காது சோதனையிலயே பழகிப் பார்த்துக்கறோம்."

சோதனை நாளன்று டாக்டர் நூர் அகமது வந்தார். காரைக்கால் வணிகர் குடும்பத்துப் பிள்ளை, மதராஸில் படித்தவர், அந்த வெயிலிலும் டை கட்டியிருந்தார். கூட, கம்பவுண்டர் முகைதீன் பிச்சை, அளவு டேப்பும் குடையுமாக.

"இது தரப்படுத்தின சோதனை, வாத்தியாரே," என்றார் டாக்டர். "டெல்லிப் புள்ளைக்கும் இருபதடி, இந்தப் புள்ளைக்கும் இருபதடி. நான் பின்னால நின்னு, காகிதத்தால வாயை மறைச்சுக்கிட்டு, இந்தப் பட்டியல்ல இருக்கிற வார்த்தையைக் கிசுகிசுன்னு சொல்வேன். புள்ளை திரும்பாம அதைச் சொல்லணும்."

"ஆகட்டும்ங்க."

"கடைசியா உங்க காது."

"பார்த்துச் செய்யலாம்ங்க."

"பார்த்து இல்லைங்க, கேட்டுச் செய்யணும்."

காத்திருந்த பிள்ளைகளில் சிலர் டாக்டர் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். மீதிப் பேர் எதிர்ப்பக்கம் மணலில் உட்கார்ந்தார்கள். டாக்டர் "பூனை" என்று கிசுகிசுத்தார். அவர் பின்னால் ஒரு கை அசைந்தது, எதிர்ப்பக்கம் ஒரு கை அசைந்தது, நடுவில் நின்ற பையன் "பூனை!" என்றான். "விளக்கு." "விளக்கு!" "மாம்பழம்." "மாம்பழம்!"

டாக்டர் பையனின் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்தார். அப்போதும் பட்பட்டென்று பதில். அவருக்கு ஆச்சரியம். பையனுக்கு முன்னால் வந்து நின்று, "எப்படிடா கேட்டுச்சு?" என்று சத்தமாகவே கேட்டார். பையன் விழித்தான். காதில் பஞ்சு, கண்ணுக்கு முன்னால் டாக்டரின் டை. டாக்டர் யோசித்துவிட்டு எழுதிக்கொண்டார்: கிசுகிசு கேட்கிறது, சத்தம் கேட்கவில்லை.

"மாஷா அல்லா! என்ன காது முகைதீன் பிச்சை இது?"

"மீன் கண்ணு திங்கிற புள்ளைங்க, டாக்டர்."

"மீன் கண்ணு, கண்ணுக்குல்ல நல்லது?"

"நெறைய தின்னா மிச்சம் காதுக்குப் போவும்ங்க."

இருபதடி நாற்பதானது. நாற்பது, டேப்பின் நீளமானது. அதற்கு மேல் டேப்பு இல்லை. வாத்தியார் போதும், போதும் என்று கையைக் காட்டினார். குஞ்சம்மா பதிலுக்குக் காட்டினாள்: "நீங்க சும்மா இருங்க சார், நல்லா போய்க்கிட்டிருக்கு."

டாக்டர் விடவில்லை. எந்தத் தூரத்தில் கேட்காமல் போகிறது என்று தெரியாவிட்டால் அதற்குப் பெயர் சோதனையே இல்லை என்றார். கடலோரம் வரைக்கும் பின்பக்கமாகவே நடந்து, ஈர மணலில் நின்று கிசுகிசுத்தார். குஞ்சம்மா கொட்டகை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பதில் சொன்னாள். அதற்கு மேல் நிலம் இல்லை. டாக்டர் படகு கேட்டார்.

படகு குஞ்சம்மாவின் அப்பா காத்தமுத்துவுடையது. அவரிடமும் விஷயத்தைச் சொல்லியாயிற்று. டாக்டரை ஏற்றிக்கொண்டு, கரையில் ஆள் எறும்பு மாதிரி தெரிகிற தூரத்துக்குப் போனார். பதில் சரியாக இருந்தால் கரையில் முகைதீன் பிச்சை, பட்டியலின் நகலைப் பார்த்துக் குடையை விரிக்க வேண்டும் என்று ஏற்பாடு.

டாக்டர் நடுக்கடலில் காகிதத்தை வாயில் பொத்திக்கொண்டு "பூனை" என்று கிசுகிசுத்தார். பின்னால் காத்தமுத்து துண்டை உதறினார். கரையில் குடை விரிந்தது. "மாம்பழம்." காத்தமுத்து துண்டைப் பந்தாகச் சுருட்டித் தலைக்கு மேல் பிடித்தார். குடை விரிந்தது. பட்டியல் எல்லாருக்கும் ஒன்றே என்பதால் அதற்குள் பள்ளிக்கூடம் முழுக்க அதை மனப்பாடம் பண்ணியிருந்தது. ஜாடை காட்டினால் போதும். டாக்டருக்குக் கண்ணில் நீர் வந்தது.

அடுத்த வார்த்தை, "ரயில்."

காத்தமுத்து நேர்மையான மனிதர். ரயில் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம் காட்டாமல் அவருக்கு மனசு ஆறாது. துண்டை அகல விரித்துப் பிடித்துக்கொண்டு, படகின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தார். போதவில்லை என்று திரும்பவும் நடந்தார்.

கரையில் வலைக்காரர்களோடு இருந்த காசியம்மா அதைப் பார்த்துவிட்டார். "ஏய், கடலைப் பாருங்கடா! எங்க வீட்டு ஆளு துண்டை வீசுறாரு! மீன் கூட்டத்துக்கு வாலே தெரியலையாம்!"

அவ்வளவுதான். வலைப்படகு இறங்கியது. பிள்ளைகள், பெண்கள், குடையை மடக்கிப் போட்டுவிட்டு முகைதீன் பிச்சை, எல்லாரும் கயிற்றைப் பிடித்தார்கள். மீன் எங்கே இருக்கிறது? காத்தமுத்து நிற்கிற இடத்தில். ஆகவே அந்தப் படகைச் சுற்றி வலையைப் போட்டார்கள். காத்தமுத்து துண்டை வீசி வேண்டாம், வேண்டாம் என்று கெஞ்சினார். இன்னும் இருக்கிறதாம் என்று கரையில் கெக்கலி கொட்டினார்கள். டாக்டரோ, குடை விரியாததால் "ரயில், ரயில்" என்று கிசுகிசுத்துக்கொண்டே இருந்தார்.

வலை கரைக்கு வருமுன்னே ஏலம் விடுவது காசியம்மாவின் பழக்கம். உள்ளே என்ன வந்தாலும் எடுத்தவர் பாடு. காரைக்காலிலிருந்து சைக்கிளில் வந்திருந்த மீன் வியாபாரி நூகு விட்டுக்கொடுக்காமல் கேட்டு ஏலத்தை எடுத்தார்.

வலை வந்தது. உள்ளே கவிழ்ந்த படகு, காத்தமுத்து, டாக்டர் நூர் அகமது, டாக்டரின் டையைக் கவ்விக்கொண்டு ஒரு நண்டு.

"என்ன காசியம்மா இது?" என்றார் நூகு.

"வலையில வந்தது உங்களுக்குன்னுதானே பேச்சு? எடுத்துக்கிட்டுப் போங்க."

"இது நம்ம நூர் அகமதுல்ல! இவரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"உப்புப் போட்டு வச்சா கெடாது."

"யா அல்லா! அந்த நண்டையாவது கொடு."

"நண்டைத் தனியா விக்கிறதில்லை. டாக்டரோட சேர்த்துத்தான்."

சண்டை வலுத்தது. ஊரே நூகுவையும் காசியம்மாவையும் சுற்றி நின்றது. அந்தச் சந்தடியில் டாக்டர் நழுவி, சொட்டச் சொட்டப் பள்ளிக்கூடத்துக்கு வந்துசேர்ந்தார். அங்கே வாத்தியார் மட்டும் தனியாக நின்றார். கை காட்ட ஒரு பிள்ளை இல்லை.

டாக்டர் சட்டையைப் பிழிந்துகொண்டே, கடலைப் பார்த்துத் திரும்பி நில்லுங்கள் என்று விரலால் காட்டினார். உத்தரவு உத்தரவுதானே. வாத்தியார் திரும்பி நின்றார். பார்க்கும் இடமெல்லாம் அவருக்கு வாத்தாகத் தெரிந்தது. நல்லவேளை, பொழுது சாய்ந்திருந்தது. பின்னாலிருந்து டாக்டரின் நிழல் மணலில் நீண்டு அவர் கால்வரை வந்து கிடந்தது. நிழலின் கை, காகிதத்தை வாய்க்குத் தூக்கியது. இறக்கியது. ஏதோ ஒரு வார்த்தை சொல்லப்பட்டுவிட்டது. பூனையோ, ரயிலோ, எது என்று தெரியவில்லை. வாத்தியார் வாய் தானாகப் பழக்கத்துக்குப் போனது.

டாக்டர் கிசுகிசுத்தது இது: "வாத்தியாரே, நான் ஏலம் போனதை யாருக்கும் சொல்லிடாதீங்க. இன்னும் கல்யாணம் ஆகலை."

"ஆகட்டும்ங்க," என்றார் வாத்தியார்.

நிழலின் கை மறுபடி உயர்ந்தது. "இந்தப் புள்ளைங்களுக்கு எப்படிக் கேட்டுச்சுன்னு மேலிடத்துல கேட்டா என்ன சொல்றது?"

"பார்த்துச் செய்யலாம்ங்க."

மூன்றாம் முறையும் உயர்ந்தது. "அப்ப நான் கிளம்பட்டுமா?"

"ஆகட்டும்ங்க."

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புக்குக் காத்திருந்தார். தோளில் ஈரக் கை விழுந்தது. திரும்பினார். டாக்டர் முகமெல்லாம் சிரிப்பு. அவர் நீட்டிய காகிதத்தில், ஆசிரியரின் செவி இருபதடித் தூரத்தில் குற்றமற்றது, பதில் சொல்வதில் நிதானம் உண்டு என்று எழுதியிருந்தது. டாக்டர் அதற்கப்புறம் அந்தக் கடற்கரைப் பக்கமே வரவில்லை. மச்சானின் வாத்துக்கு வேறு ஆள் பார்த்தார்கள். கோவிந்தராசு வாத்தியார் உரிய வயசு வரைக்கும் அதே கொட்டகையில் இருந்து ஓய்வு பெற்றார்.

டாக்டர் கிசுகிசுத்த மூன்றும் உட்பட, இதில் வருகிற பேச்சு முழுவதையும் தம் இரண்டு காதாலும் கேட்டதாகச் சொன்னவர் கோவிந்தராசு வாத்தியார்.