ஏலக்காய் போடாத கோப்பி

ஏறாவூர் ஹமீட் காக்கா கோப்பித்தூள் விற்கிற விதமே தனி. குடித்துப் பார்க்காத ஆளுக்கு ஒரு கரண்டி தூள்கூடத் தரமாட்டார். "வாயில வெச்சுப் பாத்துப்போட்டு வாங்குங்க. மறுகா வந்து என்னை ஏசப்படாது" என்பார். வீட்டுக் கோடிப்புறத்தில் விறகடுப்பு மூட்டி, தானே வறுத்து, தானே அரைத்து விற்கிற சின்ன வியாபாரம். கலியாண வீடென்றால் ஏலக்காய் சேர்த்து இளவறுப்பு. செத்த வீடென்றால் ஏலக்காய் கிடையாது, வேர்க்கொம்பு என்கிற சுக்கு மட்டும் போட்டுக் கருக்க வறுப்பார். பொட்டலத்தைப் பிரிக்கவே தேவையில்லை, எந்த வீட்டுக்குப் போகிறதென்று வாசமே சொல்லிவிடும்.

புஸ்பம் சித்தாண்டியிலிருந்து மாதாமாதம் பஸ் ஏறி அவரிடம் வருவாள். கதிரவெளியில் இருந்த வீட்டைச் சுனாமி கொண்டுபோனது. மிச்சத்தைச் சண்டை தின்றது. இப்போது இருப்பது தகரக் கொட்டில். அதில் அரிசி இல்லாத நாள் உண்டு, கோப்பித்தூள் இல்லாத நாள் கிடையாது. வன்னியில் அகப்பட்டுக் கிடந்த மகன் நிலோஜன் கடைசியாக ரெலிபோனில் கேட்டது அதைத்தான். "அம்மா, நான் வந்த உடன ஹமீட் காக்காட கோப்பி ஊத்தித் தரோணும். ஏலக்காய் மணக்க மணக்க."

சண்டை முடிந்ததென்று ரோட்டில் வெடி கொளுத்தினார்கள். அவன் வரவில்லை. முகாம் முகாமாகப் போய்ப் படத்தைக் காட்டினாள். கண்டதாக எவரும் சொல்லவில்லை. செத்ததாகவும் எவரும் சொல்லவில்லையே! அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் உயிரோடிருந்தாள். வாசம் போன தூளில் மகனுக்கு ஊற்றுவதா? அதனால்தான் மாதாமாதம் புதுத்தூள்.

அன்றைக்கு அவளைக் கண்டதும் ஹமீட் காக்கா, "இருங்க தங்கச்சி, உங்கட ஊட்டுத் தூள் இப்பதான் அரைச்சு முடிச்சன்" என்று சுடச்சுட ஊற்றிக் கொடுத்தார். ஒரு வாய் குடித்தாள். கருகல் கைப்பு. வேர்க்கொம்பு தொண்டையைக் கீறிக்கொண்டு இறங்கியது.

"காக்கா, மாறித் தந்திட்டீங்க. இது செத்த வீட்டுக் கோப்பி."

"ஓம் தங்கச்சி. நேத்து உங்கட ஊட்டுக்காரர் வந்து..." என்றவர் அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். அட கடவுளே! பெண்சாதியிடம் சொல்லாமலா ஒரு மனிதன் இதைச் செய்வான் என்று பாவம், அவர் நினைத்திருந்தார்.

"எதுக்காம்?"

"வெள்ளிக்கிழமை மகனுக்குப் படைக்கப் போறாராம். வாற ஆக்களுக்குக் குடுக்க."

புஸ்பத்துக்கு உச்சியில் ஏறிவிட்டது. "பெத்த தகப்பனா அந்த மனிசன்? உயிரோட இருக்கிற புள்ளைக்கா படைக்கிற? அவர் கையில புழுப் புழுக்கும்!"

"அழுதார் தங்கச்சி" என்றார் ஹமீட் காக்கா.

கடல் வீட்டை அள்ளிய அன்றைக்கும் அவள் புருசன் நல்லரத்தினம் அழவில்லை.

"இதுக்குள்ள ஏலக்காய் போடுங்க" என்றாள்.

கருகின தூளில் ஏலக்காய் எடுபடாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் இடித்துப் போட்டு ஊற்றிக் கொடுத்தார். குடித்தாள். மேலே ஏலக்காய் மணந்தது, அடியில் அதே கைப்பு. "இன்னும் போடுங்க." போட்டார். கைப்புப் போகவில்லை.

"என்ட மகள் அஸீமாவையும் கடல்தான் கொண்டுபோச்சு. அடக்குறதுக்கு மையித்துக்கூடக் கிடைக்கல்ல" என்றார் அவர், அடுப்பைப் பார்த்தபடி. "எல்லாம் ஓதி முடிச்சன். முடிச்சும் மனசு ஆறல்ல தங்கச்சி. இருங்க, உங்களுக்கு ஏலக்காய்த் தூள் புதுசா வறுத்துத் தாறன்."

புஸ்பம் அந்தக் கைப்புக் கோப்பியை அடிமட்டும் குடித்து முடித்தாள்.

"வேணாம் காக்கா. அவர் சொன்னதையே கட்டுங்க."

பஸ்ஸில் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். பக்கத்தில் இருந்த பெண் மூக்கை உறிஞ்சினாள், பொட்டலத்தைப் பார்த்தாள்.

"ஆருட செத்த வீடுகா?"

வாயில் வந்தபடி ஏசுவதற்குத்தான் புஸ்பம் திரும்பினாள்.

"என்ட மகன்ட" என்றாள்.