அசையாத லேபிள்

அன்று அந்த அறைக்குள் இருந்தவர்கள் பெரியவர், அவருடைய மகள், மகளின் கணவரான மாப்பிள்ளை, கணினியின் முன்னால் மகன். இந்த நால்வரைத் தவிர ஈ காக்கை கிடையாது. பின்னால் ஆளாளுக்கு நேரில் பார்த்ததுபோலப் பேசியதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

மகனின் மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் கீபோர்டில் சொட்டிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்த மாப்பிள்ளை கேள்வி கேட்கவில்லை. நேராக வந்து முகத்தில் குத்தினார். கையோடு கொண்டுவந்திருந்த பைப் ரெஞ்சை மேசைமேல் போட்டார். மேசைக் கண்ணாடி சிலந்தி வலைபோல் விரிசல் விட்டது.

"படத்துல நீளத்தைக் கூட்டிப் போட்டுத் திருடினது நான்தான்னு எழுதிக் கொடுடா. இல்லைன்னா மவுஸ் பிடிக்கிற இந்தக் கை இனிமே உனக்கு இருக்காது."

அது கழிவுநீர்க் குழாய் பதிக்கும் குடும்பம். வரைபடம் மகனுடையது, குழியும் குழாயும் மாப்பிள்ளையின் பொறுப்பு, ஆர்டரும் கணக்கும் மகளிடம். வாசலில் தொங்கும் பலகையில் இருப்பது பெரியவரின் அப்பா பெயர். அன்று காலை, வேலை கொடுத்த இன்ஜினியர் குழிக்குள் இறங்கி டேப் பிடித்தார். வரைபடத்தில் ஒவ்வொரு குழாயின்மேலும் லேபிள் சொன்ன நீளம் மண்ணுக்குள் இல்லை. எங்கே அளந்தாலும் குறைந்தது. கூலியாட்கள் எல்லோரும் கேட்கும்படி அவர் சிரித்தார்.

"படத்துல இருக்கிற பைப்பு பூமியில காணோமே. குடும்பமா உட்கார்ந்து சாப்பிட்டுட்டீங்களா?"

சாயங்காலத்துக்குள் காரணம் சொல்லாவிட்டால் பலகையைக் கழற்றிவிட்டுத் தொழிலை மூடலாம் என்றும் சொன்னார். பெரியவருக்கு அந்த இரண்டாவது பேச்சு உறைக்கவில்லை. குடும்பத்தையே திருடராக்கிய முதல் பேச்சைத்தான் அவர் வீடு வரை சுமந்து வந்தார்.

இப்போது அவர் சுவரோரம் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளை வந்தால் எல்லோரும் எழுந்து நிற்கும் வீடு அது. கல்யாணமான நாளிலிருந்து அவரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியவர் இல்லை. பெற்ற பிள்ளையின் மூக்கு உடைந்தபோதும் பெரியவர் வாயில் வந்தது, "மாப்பிள்ளை, கொஞ்சம் பொறுங்க" என்பதுதான். வீட்டுக்கு வந்தவரைக் கை நீட்டித் தடுத்தால் குடும்ப மரியாதை என்ன ஆவது என்று அவர் நினைத்தார்.

மகன் சட்டைக் கையில் மூக்கைத் துடைத்தான்.

"எல்லா இடத்துலயும் ஒரே அளவுதான் குறையுது, அத்தான். திருடினவன் எங்கேயாவது ஒரு இடத்துல எடுப்பான். குழாய்க்குக் குழாய் ஸ்கேல் வச்சா திருடுவான்?"

"வாய் பேசறியா?" மாப்பிள்ளை அவன் தலைமுடியைப் பிடித்து மேசையில் மோதினார். கண்ணாடித் துண்டு நெற்றியில் ஏறியது.

மகன் மவுஸை விடவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு லேபிளின் அமைப்பைத் திறந்தான். சாஃப்ட்வேர், குழாய்கள் வந்து சேரும் தொட்டியான ஒரு சேம்பரின் நடுவிலிருந்து அடுத்த சேம்பரின் நடுவரை நீளத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. குழிக்குள் டேப் பிடிப்பவன் உள்சுவரிலிருந்து உள்சுவர்வரை அளப்பான். வித்தியாசம் ஒரு சேம்பரின் அகலம். அதை மாற்றியதும் திரையில் எண்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. காலையில் இன்ஜினியர் சொன்ன அளவுகள் அப்படியே வந்து நின்றன.

பெரியவருக்கு மூச்சு வந்தது. திருட்டு இல்லை. யாரும் எதையும் சாப்பிடவில்லை.

"இது ஒண்ணு மட்டும் அசையலையே," என்றான் மகன். கடைசிக் குழாய். அவன் திரையில் சேம்பரைப் பிடித்துத் தள்ளிவைத்தான். கோடு நீண்டது, எண் கல்லாக நின்றது. "இது சாஃப்ட்வேர் போட்ட நம்பர் இல்லை. யாரோ அழிச்சிட்டுக் கையால அடிச்சிருக்காங்க."

"போதும், நிறுத்து. கண்டுபிடிச்சாச்சு இல்ல? அதைத் தொடாத."

அதுவரை உறுமிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் குரல் சட்டென்று மெலிந்ததைப் பெரியவர் கவனித்தார். மகன் சேம்பரைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, கையால் அடித்த எண்ணை நீக்கினான். உண்மையான நீளம் வந்தது. காலையில் மண்ணில் அளந்ததைவிட ஆறு மீட்டர் கூட.

"குழி ஆறு மீட்டர் முன்னாடியே நின்னிருக்கு, அத்தான். அங்கே பாறை வந்துச்சா? உடைக்காம விட்டுட்டீங்களா?"

பதிலுக்கு ரெஞ்ச் இறங்கியது. மகனின் மணிக்கட்டில் எலும்பு முறிந்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அவன் நாற்காலியோடு கவிழ்ந்தான். மாப்பிள்ளை விலாவில் மிதித்தார், மறுபடியும் மிதித்தார்.

"லேபிள்ல நம்பர் எப்படி மாத்தறதுன்னு என்கிட்டதானே கேட்டீங்க?" என்றாள் மகள். "தம்பி ஊர்ல இல்லாத அன்னைக்கு. நான்தானே பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுத்தேன். பாறையை மறைக்கவா? அதுக்கா என் தம்பியைத் திருடனாக்கினீங்க?"

"உள்ள போடி!" மாப்பிள்ளை ரெஞ்சை மேசையில் எறிந்துவிட்டு அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அவள் அலமாரியில் போய் மோதினாள். உதடு கிழிந்தது.

பெரியவர் சுவரைவிட்டு ஓரடி முன்னால் வந்தார். எதற்காக இத்தனை நேரம் நின்றோம் என்று அவருக்கே புரியவில்லை. மாப்பிள்ளை திரும்பி மகனின் கழுத்தில் காலை வைத்தார். அவருக்குப் பின்னால் ரெஞ்ச் மேசையிலிருந்து எழுந்தது. முதல் அடி மாப்பிள்ளையின் தோளில். இரண்டாவது முழங்காலில். கீழே விழுந்தவரின் வாயிலிருந்து பல் தெறித்தது.

"அப்பா, இன்னும் மரியாதை கொடுக்கணுமா?"

"வேண்டாம்மா."

சாயங்காலம் பெரியவர் தனியாகப் போய் இன்ஜினியர் முன் நின்றார். லேபிள் நடுவிலிருந்து அளந்தது என்றார். கடைசிக் குழி தன் வீட்டு ஆள் செய்த பித்தலாட்டம் என்றும், பாறையை உடைத்து ஆறு மீட்டரையும் தானே தோண்டித் தருவதாகவும் சொன்னார். பலகை இன்றும் வாசலில் தொங்குகிறது.

பெரியவர் ஆள் வைத்து மாப்பிள்ளையை அடித்தார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். ஆள் யாரையும் வைக்கவில்லை. அடித்தது அவருடைய மகள்.