முப்பத்தெட்டு ரோமர்கள்

2007ஆம் ஆண்டு கார்னிவல் ஊர்வலத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது, கொலோன் நகரின் நிப்பெஸ் பகுதி மக்கள் ஒரு முடிவு எடுத்தார்கள். தங்கள் நகரத்தின் இரண்டாயிரம் வருடக் கதையை வேஷம் போட்டு நடந்து காட்டுவது. எந்தத் தெருவுக்கு எந்தக் காலம் என்று சீட்டுக் குலுக்கினார்கள். ஒரு தெருவுக்கு ரைன் நதியில் மீனும் உப்பும் ஏற்றி வந்த பழைய வணிகர்கள். இன்னொன்றுக்கு நெப்போலியனின் சிப்பாய்கள். அடுத்ததற்கு, 1945இல் இடிந்த வீடுகளின் கற்களை வாளியில் அள்ளிய பெண்கள். சந்திரகாந்தி குடியிருந்த தெருவுக்குச் சீட்டில் ரோமர்கள் விழுந்தார்கள்.

தெருவின் பொறுப்பாளர் லிண்டன், ஓய்வுபெற்ற தபால்காரர். கூட்டத்தில் அவர் முகம் வாடிவிட்டது.

"போன தடவையும் ரோமர்தான். கட்டில் விரிப்பைச் சுற்றிக்கொண்டு போனோம். பாதி வழியில் என்னுடையது கழன்று விழுந்தது. அதைப் படம் பிடித்தவர்கள் இன்னும் வைத்திருக்கிறார்கள்."

எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு சந்திரகாந்தி கையை உயர்த்தினாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபத்தொரு வருடம் ஆகியிருந்தது. முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. கூட்டங்களில் அவள் வாய் திறந்ததே இல்லை. "எங்கள் வீடுகளில் அதற்கேற்ற துணி இருக்கிறது. எத்தனை பேருக்கு வேண்டும்?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டாள்.

முப்பத்தெட்டு பேருக்கு வேண்டியிருந்தது. அடுத்த நான்கு நாட்களும் வேலை முடிந்து வந்ததும் தொலைபேசியை எடுத்தாள். கொலோனிலும் பக்கத்து ஊர்களிலும் தெரிந்த குடும்பங்கள் அனைத்திடமும் கேட்டாள். கல்யாணத்துக்குக் கட்டிய எட்டு முழ வேட்டிகள் அலுமாரிகளின் அடியிலிருந்து வெளியே வந்தன.

கணவர் மகேந்திரராஜாவுக்கு இது பிடிக்கவில்லை.

"கோயிலுக்குக் கட்டுற வேட்டியைக் குடிகாரரின்ரை கூத்துக்குக் குடுக்கப் போறீரோ?"

"குடிக்கிறவை குடிக்கட்டும். நாங்கள் நடக்கத்தானே போறம். உங்களை வரச் சொல்லி நான் கேக்கேல்லை."

அவர் கோபத்தோடு எழுந்து போனார். காரணம் அவளுக்குத் தெரியும். வந்த புதிதில் ஒரு நாள் வேட்டி கட்டி டிராமில் ஏறி அவர் கோயிலுக்குப் புறப்பட்டார். பெட்டி முழுக்கச் சிரித்தது. ஒருவன் கரையைப் பிடித்து இழுத்தும் பார்த்தான். அடுத்த தரிப்பில் இறங்கி வீடுவரை நடந்தே வந்தார். அன்றிலிருந்து வேட்டி பையில்தான் போகும். கோயிலுக்குள் போய்த்தான் கட்டுவார்.

ஊர்வலத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை, பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் ஒத்திகை. சந்திரகாந்திக்கு அக்ரிப்பினா வேஷம் என்று முடிவாகியிருந்தது. "இந்த ஊரில் பிறந்து, ரோமில் மகாராணியானவள். பிறந்த ஊருக்கு நகரம் என்ற அந்தஸ்தை வாங்கிக் கொடுத்தவள்" என்று லிண்டன் விளக்கினார். அவள் தன் கூறைச்சேலையைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னாள்.

அவளைக் கூட்டிப்போக வந்த மகேந்திரராஜா வாசலருகே வாங்கில் உட்கார்ந்திருந்தார். மண்டபத்தில் முப்பத்தெட்டு ஜெர்மன்காரர் வேட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கழுத்தில் முடிந்திருந்தார். ஒரு பெண்மணி இரண்டு கால்களையும் சேர்த்துச் சுற்றி நகர முடியாமல் நின்றார். ரொட்டிக்கடைக்காரர் துணி கழராமலிருக்கப் பதினொரு ஊசி குத்தியிருந்தார்.

லிண்டன் கதையை விடவில்லை. "ரோமருக்கு முன்னால் இங்கே யார் என்று நினைக்கிறீர்கள்? உபியர். அவர்களும் இந்தக் கரைக்காரர் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். சண்டையும் தொல்லையும் தாங்காமல் இங்கே வந்து குடியேறினார்கள்."

மகேந்திரராஜா நிமிர்ந்தார். "அப்ப முதல் வந்ததே இடம்பெயர்ந்த சனமோ?" என்று மனைவியிடம் கேட்டார்.

"ஓம், அப்பிடித்தான் சொல்லுறார்."

அவர் எழுந்து ரொட்டிக்கடைக்காரரிடம் போனார். ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். "சந்தியிலை அவிழ்ந்து விழப்போகுது" என்று தமிழிலேயே முணுமுணுத்தபடி இடுப்பில் இறுக்கி ஒரு சுற்று, மிச்சத்தை மடித்து இடது தோளில் போட்டு ஒரு செருகல். "இப்போது குதியுங்கள்" என்றார் ஜெர்மனில். அந்தப் பெரிய மனிதர் மூன்று தரம் குதித்தார். துணி அசையவில்லை. மண்டபம் கைதட்டியது. மற்ற முப்பத்தேழு பேரும் வரிசையில் நின்றார்கள்.

ஞாயிறு காலை சந்திரகாந்தி கூறை கட்டி, தங்கத்தாளில் செய்த இலைமுடியைச் சூடிக்கொண்டு அறையிலிருந்து வந்தபோது, மகேந்திரராஜா கூடத்தில் பட்டுக்கரை வேட்டியோடு நின்றார். உள்ளே கம்பளிக் காற்சட்டை.

"பாக்கிறீர் என்ன? அவிழ்ந்தால் கட்டிவிட ஒரு ஆள் வேணுமெல்லே."

டிராமில் ஏறினார்கள். அவருக்கு எதிரே ஒரு கரடி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் தாடி வைத்த இரண்டு கன்னியாஸ்திரிகள். அவர் வேட்டியை ஒருவரும் கவனிக்கவில்லை. கரடி மட்டும் தள்ளி உட்கார்ந்து, "அம்மணி, இங்கே இடமிருக்கிறது" என்று மகாராணிக்கு இடம் கொடுத்தது. சந்திரகாந்திக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. அவரும் சிரித்தார்.

மதியம் மழை தூறியது. ரோமர் படை சேற்றை மிதித்து நடந்தது. இருபுறமும் நின்ற சனம் "கமெலே!" என்று கத்தி இனிப்புக் கேட்டது. சந்திரகாந்தி கைநிறைய அள்ளி வீசினாள். ஒருவருடைய வேட்டியும் நெகிழவில்லை. தேவாலயத்தருகே ரொட்டிக்கடைக்காரர் ஆடத் தொடங்கினார். படை முழுவதும் ஆடியது. நடுவில் மகேந்திரராஜா வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார். கல்யாண வீட்டில்கூட அவர் ஆடி அவள் கண்டதில்லை.

ஐந்து மணிக்கு லிண்டன் மூச்சிரைக்க ஓடிவந்தார். நல்ல குழுக்களில் ஒன்றாக ரோமர்கள் தேர்வாகியிருந்தார்கள். ஞாயிறு ஊர்வலம் குடியிருப்புப் பகுதிகளுக்கானது; அதில் தேர்வானவர்கள் மறுநாள் திங்கட்கிழமை, நகரின் பெரிய ஊர்வலத்திலும் நடக்கலாம்.

"சேறாய்க் கிடக்குதே எல்லாம்" என்றாள் சந்திரகாந்தி.

வேட்டிகளை ஏழு வீடுகளுக்குப் பிரித்தார்கள். தெரு முழுக்கச் சலவை இயந்திரங்கள் ஓடின. சூடேற்றிகளின் மேல் எட்டு முழங்கள் காய்ந்தன.

காலையில் லிண்டன் தலைகுனிந்து வந்தார். அவர் கொண்டுவந்த ஆறு வேட்டிகளும் ரோஜா நிறம். தன் சிவப்புக் கார்னிவல் காலுறைகளையும் சேர்த்துப் போட்டுவிட்டாராம்.

"இரவல் தந்தவைக்கு நான் என்ன சொல்லுறது?" என்றாள் சந்திரகாந்தி.

"சொல்லலாம், சொல்லலாம்" என்று மகேந்திரராஜா ரோஜா நிற வேட்டி ஒன்றை உதறிப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு லிண்டனைக் கிட்ட வரச் சொல்லி, இடுப்பில் முதல் சுற்றைச் சுற்றத் தொடங்கினார்.