குறைத்துப் போட்ட ஐந்து வாரம்

பரிசோதனைக்கூடத்தில் அவளுக்குக் கணக்கம்மா என்று பட்டப்பெயர். ரத்தக்குழாயில் ஒட்டிய சீட்டில் ஓர் எழுத்து பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். டாக்டர்களே அவளிடம் கொஞ்சம் பயந்துதான் பேசுவார்கள்.

கர்ப்பிணிகளின் ரத்தத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஒரு புரதத்தை அளப்பது அவள் வேலை. அது குறைந்தால் குழந்தைக்கு ஊட்டம் சரியாகப் போகவில்லை, வளர்ச்சி தடைப்படுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அளவை மட்டும் பார்த்தால் போதாது. எத்தனையாவது வாரம் என்பதையும் இயந்திரத்தில் போட வேண்டும், ஏனென்றால் இருக்க வேண்டிய அளவு வாரத்துக்கு வாரம் மாறும்.

இத்தனையும் தெரிந்தவள் சொந்தத் தங்கை விஷயத்தில் கோட்டை விட்டாள்.

தங்கைக்கு இருபத்தெட்டாவது வாரம். வயிறு அவ்வளவாகத் தெரியவில்லை. சாப்பிடுவதெல்லாம் எங்கேதான் போகிறதோ என்று அம்மா கேலி செய்துகொண்டிருந்தாள். அக்காவே ரத்தம் எடுத்தாள், அக்காவே இயந்திரத்தில் வைத்தாள். அளவு குறைவாக வந்தது. மறுபடி வைத்தாள், அதேதான். வேறு யாருடைய ரத்தமாக இருந்தாலும் அந்த நிமிடமே டாக்டருக்குப் போன் போட்டிருப்பாள். கூடப் பிறந்தவளுக்கு என்றதும் மனசு ஒப்பவில்லை. இவள் சின்ன வயசிலிருந்தே கணக்கில் மந்தம், நாளைத் தப்பாக எண்ணியிருப்பாள், அதனால்தான் வயிறும் சிறிதாக இருக்கிறது என்று தோன்றியது. வயிறு சிறுத்திருந்ததே நோயின் அடையாளம். அதையே நோய் இல்லை என்பதற்கு ஆதாரமாக்கிக்கொண்டாள், மகராசி. இருபத்தெட்டை அழித்து இருபத்து மூன்று என்று போட்டாள். அந்த வாரத்துக்கு அளவு சரியாக இருந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

வாரம் ஏன் மாறியிருக்கிறது என்று டாக்டர் கேட்கத்தான் கேட்டார். தேதியில் பிசகு, நான் விசாரித்துவிட்டேன் என்று அடித்துச் சொன்னாள். தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கணக்கம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று டாக்டர் நம்பினார். நான்கு வாரம் கழித்து வரச் சொன்னார்.

அதற்குள் மூன்றாவது வாரமே குழந்தையின் அசைவு நின்றுவிட்டது. பெண் குழந்தை. உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அதில் அடங்கிவிடும்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லோரும் தேதிக் குழப்பத்தைப் பற்றியே பேசினார்கள். அக்கா வாயைத் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு தினமும் தங்கைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், துணி மடித்தாள், தலை வாரிவிட்டாள்.

பத்தாம் நாள் தங்கை படுத்தபடியே பேச ஆரம்பித்தாள்.

"நான்தான் நாளைத் தப்பா எண்ணிட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க. அவர் கப்பல்லருந்து லீவுக்கு வந்ததே அஞ்சு நாள்தான்க்கா. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் மாசக்கணக்கா இங்க இல்ல. இதுல எப்படித் தப்பு வரும்? தெனமும் எண்ணிப் பாக்கறேன். எங்க விட்டேன்னே தெரியல."

அந்த ஐந்தாம் நாள் தங்கையின் புருஷனைத் துறைமுகம் வரை கொண்டுபோய் விட்டு வந்தது அக்காதான். அந்தத் தேதியை ஒரு தடவை நினைத்துப் பார்த்திருந்தால் போதும். நினைக்காமல் இருக்கத்தான் அவ்வளவு அவசரமாக வாரத்தை மாற்றினோமோ என்று இப்போது நெஞ்சை அறுத்தது.

"நீ சரியாத்தான் எண்ணின. ரிசல்ட் மோசமா வந்துச்சு. என்னால தாங்க முடியல. நான்தான் வாரத்தைக் குறைச்சுப் போட்டேன்."

தங்கை எழுந்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள். "அன்னிக்கே டாக்டருக்குத் தெரிஞ்சிருந்தா பொழைச்சிருக்குமா?"

நிச்சயமாகச் சொல்ல முடியாது என்பதுதான் பரிசோதனைக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்கிற பதில். அதை அவள் சொல்லவில்லை.

"பொழைச்சிருக்கலாம்," என்றாள்.

தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"பத்து நாளா என் மேலயே எனக்குக் கோவம். பக்கத்துலயே உக்காந்து அதப் பாத்துட்டுத்தானக்கா இருந்த?"