ஜன்னலை மறைத்த பிரிட்ஜ்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இரண்டாவது கோப்பைத் தேநீருக்கும் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்துக்கும் இடைப்பட்ட புனிதமான வேளையில், மாடி வீட்டின் குடும்பத் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, பூமியைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தார்.

"இன்னையிலேர்ந்து இந்த வீட்ல ஒரு யூனிட் கரண்டு கூட வீணாகக் கூடாது," என்றார்.

கேட்பதற்கு அவர் மனைவி ஒருத்திதான் இருந்தாள். அவள் தையல்காரி. வாய் நிறையக் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருந்ததால் மறுத்துப் பேச வழியில்லை. அதைத் தலைவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். இருபது வருடக் குடித்தனத்தில் பாதிச் சம்மதங்கள் அவருக்கு அப்படிக் கிடைத்தவைதான்.

பூமியைக் காப்பாற்றும் பணி, கடைக்குப் போவதில் தொடங்கியது. தலைவர் குளியலறைச் சாமான்கள் விற்கும் பெரிய கடையொன்றில் மேற்பார்வையாளர். நாளெல்லாம் விற்கிறவருக்கு, வாங்குவது என்றால் ஒரு சபலம். முதலில், எவ்வளவு கரண்டு செலவாகிறது என்று காட்டும் கருவி ஒன்று வந்தது. அது இரவும் பகலும் பச்சையாக எரிந்து, கரண்டு செலவாகிறது என்று காட்டியது. பிறகு வீடு முழுக்கச் சிக்கன பல்புகள் வந்தன. மஞ்சளாக, சின்னதாக, ஏதோ துக்கத்தில் இருப்பது போல எரிந்தன. கடைசியில் புது பிரிட்ஜ் வந்தது. நெற்றியில் ஐந்து நட்சத்திரம். கதவைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்து வைத்தால் பாட்டுப் பாடும்.

பழைய பிரிட்ஜ் கெட்டுப்போகவில்லை. அதன் மேல் இருந்த ஒரே குற்றம் அதுதான். கெட்டுப்போயிருந்தால் தூக்கிப் போட்டிருக்கலாம். புதியதைக் கொண்டுவந்த ஆட்கள், பழையதைச் சமையலறையிலிருந்து நகர்த்தி, நடு அறையில் இடமிருந்த ஒரே சுவரோரம் நிறுத்திவிட்டுப் போனார்கள். அந்தச் சுவரில்தான் ஜன்னல் இருந்தது. அந்த ஜன்னலடியில்தான் அவளுடைய தையல் மெஷின் இருந்தது. மெஷின் இருட்டு மூலைக்குப் போனது.

"ரெண்டு நாளைக்குத்தான்," என்றார் தலைவர். "கடைக்காரன் வந்து எடுத்துட்டுப் போயிடுவான்."

கடைக்காரன் வருவதற்குள் கொழுந்தன் வந்துவிட்டான்.

கொழுந்தன் ஒரு விளம்பர நிறுவனத்தில், பொருள்களை வாங்கச் சொல்லி வாசகம் எழுதுகிறவன். சம்பளத்துக்கு அது. மனத் திருப்திக்கு, எதையும் வாங்காதீர்கள் என்று இணையத்தில் எழுதுவான். அவள் மனசுக்குள் அவனுக்கு வைத்திருந்த பெயர் பச்சை. பச்சை, பழைய பிரிட்ஜின் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான், காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொடுவது போல.

"இதத் தூக்கிப் போடப் போறியா அண்ணா? உள்ள இருக்கற கேஸ் எங்க போகும் தெரியுமா? நேரா ஆகாசத்துக்கு."

"நான் தூக்கிப் போடலடா. கடையில எடுத்துக்கறாங்க."

"எடுத்து? வேற யாருக்காவது விப்பான். அவன் வீட்ல நின்னு கரண்டு குடிக்கும். பூமி ஒண்ணுதானே!"

"அப்ப உடைச்சுப் பிரிச்சிடச் சொல்றேன்."

"யாரு பிரிப்பா? எந்த ஊர்ல? கையில உறை போட்டுப் பிரிப்பானா? நுகர்வு வெறிண்ணா இது. ஓடற பொருள மாத்தற ஒரே ஜீவன் மனுஷன்தான்."

"அந்தப் பழசு ரெண்டு பிரிட்ஜோட கரண்டைக் குடிக்குது. அதை வெச்சுக்கறதுதான்டா வெறி!"

"தம்பி," என்றாள் அவள், "ரெண்டு பேரும் வெறியைப் பங்கு பிரிச்சு முடிச்சதும், அதைக் கொஞ்சம் ஜன்னலை விட்டு நகத்தி வைங்க."

"இது பெரிய கேள்வி அண்ணி. இடப் பிரச்சினையாப் பாக்கக் கூடாது," என்றான் பச்சை.

பெரிய கேள்வி தீராததால் பிரிட்ஜ் நகரவில்லை. சும்மா நிறுத்தி வைத்தால் கம்ப்ரஸர் பிடித்துக்கொள்ளும் என்று தலைவர் எங்கோ கேள்விப்பட்டார். எனவே, வைத்தியமாக மட்டும், பிளக்கைச் சொருகினார். காலியாக ஓடும் பிரிட்ஜ்தான் அதிகக் கரண்டு இழுக்கும் என்று பச்சை அடுத்த வாரம் ஓர் அரிய தகவலோடு வந்தான். எனவே அதை நிரப்ப வேண்டியதாயிற்று. நிரப்புவதற்காகத் தலைவர் தள்ளுபடியில் கிடைத்ததையெல்லாம் வாங்கி வந்தார். அவர்கள் வீட்டில் இருப்பது இரண்டு பேர். இப்போது ஒரு சின்ன விடுதிக்குத் தேவையான ஜாம் இருந்தது.

அவளுக்கு வெளிச்சம்தான் இல்லை. பட்டப்பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். தலைவர் அந்தப் பக்கம் வருவார். டக். அணைத்துவிட்டுப் போவார்.

"ஏங்க, தைச்சுக்கிட்டு இருக்கேங்க!"

"பகல்ல எதுக்கு லைட்டு?"

"பகல் பிரிட்ஜுக்குப் பின்னால இருக்கு."

அவர் சிரித்துவிட்டுப் போவார். அவள் எழுந்து போய்ப் போடுவாள். திரும்பி வந்து துணியின் மடிப்பைச் சரிசெய்து ஊசியை இறக்கும்போது, டக். கோபத்தில் பெடலை மிதித்தால் தையல் கோணும், கோணினால் பிரிக்க வேண்டும், பிரிக்க வெளிச்சம் வேண்டும். ஆகவே கோபத்தையும் சிக்கனமாக வைத்துக்கொண்டாள்.

பிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து இரண்டு நாள் துளையிடும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு மொட்டை மாடியிலிருந்து. "பல் டாக்டர் என்னமோ புதுசா வாங்கியிருக்காரு," என்றார் தலைவர், லேசான பொறாமையோடு. எட்டிப் பார்க்க வழியில்லை.

அவள் கவலை வேறு. ஊரின் பெரிய விடுதியிலிருந்து வருடா வருடம் வரும் சீருடை வேலை கையில் இருந்தது. கருநீலச் சட்டைகள். மற்ற மாதங்களில் ஒரு பாவாடைக்கு ஓரம் அடிப்பதும் ஒரு பேண்ட்டுக்கு ஜிப் மாற்றுவதுமாக ஓடும் அவள் தொழில், இந்த ஒரு வேலையை நம்பித்தான் நிமிர்ந்து நின்றது. சட்டைகளைத் தைத்து, அடுக்கி, கட்டிக் கொடுத்தனுப்பினாள்.

சனிக்கிழமை விடுதியின் சீருடைப் பொறுப்பாளர் அம்மா, மூட்டையோடு படியேறி வந்துவிட்டாள்.

"என்னம்மா இது? நீயா தைச்ச?"

"ஏன்க்கா?"

"வாசலுக்கு வந்து பாரு."

வாசலில் வெயில் இருந்தது. அந்த வெயிலில், கருநீலக் காலரைச் சுற்றிக் கறுப்பு நூல் வரிவரியாக ஓடியது. பாதிச் சட்டைகள் அப்படி. துக்கத்தில் எரியும் அந்த பல்பின் அடியில் கருநீல நூல்கண்டும் கறுப்பு நூல்கண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

"மேனேஜர் கண்ணுல விழறதுக்கு முன்னாடி எடுத்துட்டு வந்துட்டேன். திங்கக்கிழமை காலைல வேணும். இல்லன்னா அடுத்த வருஷம் என்னால உனக்காகப் பேச முடியாது. கண்ணு ஏதாவது மங்குதா? டாக்டரப் பாரேன்."

"கண்ணு நல்லாத்தான் இருக்குக்கா," என்றாள். மேற்கொண்டு சொல்ல வெட்கமாக இருந்தது. என் தொழிலை ஒரு பிரிட்ஜ் மறைக்கிறது என்று எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை முழுக்க வாசல்படியில் உட்கார்ந்து பிளேடால் தையலைப் பிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை தைத்தாக வேண்டும். மெஷினைத் தனியாளாக வாசலுக்குத் தூக்க முடியாது, அங்கே பிளக்கும் கிடையாது. மூலையில் நூல்கண்டுகளை மஞ்சள் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எது எது என்று சத்தியம் செய்ய முடியவில்லை, ஒவ்வொரு கண்டுக்கும் வாசலுக்கு ஓடவும் பொழுதில்லை. அப்போதுதான், வீட்டிலேயே வெள்ளை வெளிச்சம் ஓர் இடத்தில்தான் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது.

சமையலறைக்குப் போய், புது பிரிட்ஜின் கதவை அகலத் திறந்து, முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். நூல்கண்டுகளை, பழையதில் கொள்ளாமல் இங்கே வந்திருந்த ஜாம் பாட்டில்களுக்கு முன்னால் வரிசையாக வைத்தாள். கறுப்பு கறுப்பாகவும் நீலம் நீலமாகவும் தெரிந்தது. பிரிட்ஜ் பாட ஆரம்பித்தது. அவள் எழவில்லை. பிரிட்ஜ் குரலை உயர்த்தியது.

தலைவர் ஓடி வந்தார். பின்னாலேயே பச்சை, அவன் ஞாயிறு விவாதத்துக்கு வந்திருந்தான்.

"ஐயோ, என்ன பண்ற! எவ்வளவு கரண்டு போகுது தெரியுமா?"

"தெரியும். அதுக்குத்தான் கருவி மாட்டி வெச்சிருக்கீங்களே, போய்ப் பாத்துட்டு வாங்க."

"அண்ணி, கதவு தொறந்திருந்தா அஞ்சு ஸ்டாரும் ஒண்ணுதான், ஒரு ஸ்டாரும் ஒண்ணுதான்," என்றான் பச்சை. "நான் அப்பவே சொன்னேன்ணா, புதுசுல ஒரு புண்ணியமும் இல்ல."

"அது உபயோகிக்கறவங்களப் பொறுத்ததுடா..."

"தம்பி," என்று அவள் எழுந்து நின்றாள். மடியிலிருந்து கருநீலக் காலர்கள் விழுந்தன. "அந்தப் பழச விக்கக் கூடாது, உடைக்கக் கூடாது, நிறுத்தக் கூடாது. சரி. நீங்களே உங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க. நல்லபடியாக் காப்பாத்துங்க."

பச்சை தரையைப் பார்த்தான். "எங்க வீட்ல இடமில்ல அண்ணி."

"ஏன், என்ன இருக்கு?"

"போன மாசம்தான் ஒண்ணு... ரெண்டு கதவு வெச்சது. ஆபீஸ்ல சலுகை விலைக்குக் கொடுத்தாங்க."

தலைவர் வாயைத் திறந்தார். அன்றைய விவாதத்துக்கு அற்புதமான புதுத் தலைப்பு கிடைத்துவிட்டது. அவள் காத்திருக்கவில்லை. நடு அறைக்குப் போனாள். பழைய பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள். அது ஒரு தடவை குலுங்கி, பெருமூச்சு விட்டு அடங்கியது. சுவருக்கும் அதற்கும் நடுவே தோளைக் கொடுத்து, காலை உதைத்துத் தள்ளினாள். உள்ளே ஜாம் பாட்டில்கள் உருண்டன.

"பாத்து, தரை கீறுது!" என்றார் தலைவர்.

"கேஸ் பைப், அண்ணி! கேஸ் பைப்!" என்றான் பச்சை.

கை கொடுக்கலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. தரை கீறியது. பிரிட்ஜ் அங்குலம் அங்குலமாக நகர்ந்து, படுக்கையறைக் கதவைப் பாதி மறைத்து நின்றது. மூச்சு வாங்க, மெஷினை இழுத்து வந்து பழைய இடத்தில் போட்டாள். ஜன்னல் கொக்கியை எடுத்து இரண்டு கதவுகளையும் வெளியே தள்ளினாள்.

கதவுகள் பாதி திறந்து எதிலோ முட்டி நின்றன.

வெளியே, கைக்கு எட்டும் தூரத்தில், பல் டாக்டர் வீட்டு மொட்டை மாடியில் இரும்புச் சட்டம் நின்றது. சட்டத்தின் மேல் ஜன்னலை விட உயரமாக, வரிசையாக, பெரிய பெரிய பலகைகள். அவற்றின் முகம் சூரியனைப் பார்த்திருந்தது. முதுகு இவளைப் பார்த்திருந்தது.

"சோலார் பேனல்," என்றான் பச்சை, முதல் தடவையாகக் குரலில் சந்தோஷம் பொங்க. "நான் சொல்லித்தான் அண்ணி வெச்சாரு. மொதல்ல மாட்டேன்னாரு. ரெண்டு மணி நேரம் பேசினேன்."

அறை பிரிட்ஜ் இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அவள் அந்த முதுகுகளைப் பார்த்தாள். அழுகை வரவில்லை. திட்டலாம் என்றால் யாரிடமிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. திங்கட்கிழமை மட்டும் தெரிந்தது.

"ஏங்க," என்றாள். "கடைக்குப் போய் வெள்ளையா, பெருசா எரியற பல்பு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. ஒண்ணு. நான் தைச்சு முடிக்கற வரைக்கும் அந்த ஸ்விட்ச்ல யாரு கை வெச்சாலும் கத்தரிக்கோல் என் கையிலதான் இருக்கு."

தலைவர் செருப்பை மாட்டினார். பேரத்துக்குத் துணையாகப் பச்சையும் கூடப் போனான்.

ஒன்று வாங்கினால் மூன்று இலவசம் என்றார்களாம். ஒன்றை மாட்டிவிட்டு, மிச்சம் மூன்றையும் பழைய பிரிட்ஜில் வைத்தார்கள்.